முதல் புல் ரிக்வெஸ்ட் வரை: கிட் பழகி ஓப்பன் சோர்ஸுக்குள் நுழைய ஒரு முழுமையான வழிகாட்டி

கிட் என்பது கோப்புகளில் செய்த மாற்றங்களின் வரலாற்றைக் காத்துவைக்கும் கருவி. அதைப் பழக வருகிறவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நிறையப் பார்த்துவிட்டேன். கட்டளைகள் ஒரே மாலையில் கைக்கு வந்துவிடும். ஆனால் "இப்போது மாற்றினீர்களே, அந்த வரி எங்கே இருக்கிறது?" என்று கேட்டால் திரையைப் பார்ப்பார்கள், என்னைப் பார்ப்பார்கள், பதில் வராது. கீழே வரும் சிக்கல்களில் முக்கால்வாசி இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் வருபவைதான். அதனால் படிகளின் வரிசையையும் அதை வைத்தே அமைத்திருக்கிறேன்.

கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன், டெர்மினலில் (கட்டளை அடிக்கும் சாளரத்தில்) ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள். கிட் திட்டங்களை இணையத்தில் வைத்திருக்கும் கிட்ஹப் தளத்தை வைத்துப் பேசுகிறேன். உங்கள் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி ஒரு திட்டத்துக்கு வைக்கும் வேண்டுகோள்தான் புல் ரிக்வெஸ்ட். கிட்லாபிலும் நடைமுறை ஏறக்குறைய இதேதான், அங்கே புல் ரிக்வெஸ்டுக்கு மெர்ஜ் ரிக்வெஸ்ட் என்று பெயர்.

1. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

டெர்மினலில் மூன்று விஷயம் தெரிந்தால் போதும்: எந்த ஃபோல்டரில் நிற்கிறோம் என்று பார்ப்பது, இன்னொரு ஃபோல்டருக்குப் போவது, அங்கே என்னென்ன இருக்கிறது என்று பட்டியலிடுவது. இதுகூடத் தெரியாமல் கிட்டுக்குள் போனால் பிழை கிட்டில் வந்ததா, தவறான ஃபோல்டரில் நிற்பதால் வந்ததா என்றே பிரித்தறிய முடியாது.

கிட்டை நிறுவுங்கள். விண்டோஸ் என்றால் "கிட் ஃபார் விண்டோஸ்", அதோடு கிட் பாஷ் என்ற டெர்மினலும் வரும். லினக்ஸில் உங்கள் பேக்கேஜ் மேனேஜரே தரும். அப்புறம் "கிட் --வெர்ஷன்" அடித்து 2.23-க்கு மேல் இருக்கிறதா பாருங்கள். 2019-இல் வந்த அந்தப் பதிப்பில்தான் "ஸ்விட்ச்", "ரெஸ்டோர்" என்ற இரண்டும் சேர்ந்தன. அதற்கு முன் "செக்அவுட்" என்ற ஒரே கட்டளை பிராஞ்ச் (வேலைக்கான தனிக் கிளை) மாற்றவும் செய்யும், கோப்பில் செய்த மாற்றத்தை அழிக்கவும் செய்யும். புதியவர்கள் அரைநாள் வேலையைத் தொலைப்பதற்கு அதைவிட எளிய வழி இல்லை.

2. பெயர், மின்னஞ்சல், எடிட்டர்

முதல் கமிட்டுக்கு (கமிட் என்பது மாற்றத்தை வரலாற்றில் பதிவது) முன்பே இதை முடித்துவிடுங்கள். "கிட் கான்ஃபிக் --குளோபல் யூசர்.நேம்", "கிட் கான்ஃபிக் --குளோபல் யூசர்.ஈமெயில்" என்ற இரண்டு கட்டளைகள். முன்பே செய்யச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்த இரண்டும் ஒவ்வொரு கமிட்டுக்குள்ளும் பதிந்துவிடும், பிறகு மாற்றினால் பழைய கமிட்கள் மாறாது. பொது ரெப்போவில் (ரெப்போ என்பது கிட் கவனிக்கும் திட்ட ஃபோல்டர்) அந்த மின்னஞ்சலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

சொந்த முகவரி வெளியே தெரிய வேண்டாம் என்றால் கிட்ஹப் அமைப்புகளில் மின்னஞ்சல் பகுதிக்குப் போய் முகவரியை மறைக்கும் தேர்வை இயக்குங்கள். அங்கேயே "நோரிப்ளை" என்று ஒரு மாற்று முகவரி காட்டும், அதைக் கான்ஃபிக்கில் போடுங்கள். கணக்கில் இல்லாத வேறு ஏதோ ஒரு முகவரியைப் போட்டால் கமிட் உங்கள் பெயரோடு இணையாமல் அநாதையாகத் தெரியும்.

எடிட்டரையும் இப்போதே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் பல கணினிகளில் கமிட் செய்தி எழுத விம் என்ற எடிட்டர் திறக்கும், அதிலிருந்து எப்படி வெளியே வருவது என்று தெரியாமல் டெர்மினலையே மூடிவிடுவார்கள். சிக்கிக்கொண்டால் எஸ்கேப் அழுத்தி, ஒரு முக்காற்புள்ளி, க்யூ, ஆச்சரியக்குறி அடித்து என்டர் தட்டுங்கள். "கோர்.எடிட்டர்" என்ற அமைப்பில் நானோவையோ நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் எடிட்டரையோ போட்டுவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

3. சாவி

கணக்குக் கடவுச்சொல்லை வைத்து டெர்மினலிலிருந்து புஷ் செய்வதை (கமிட்களைச் சர்வருக்கு அனுப்புவதை) கிட்ஹப் 2021 ஆகஸ்ட் 13-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. பழைய வீடியோவைப் பார்த்துப் பழகுகிறவர்கள் சரியான கடவுச்சொல்லையே பத்து முறை அடித்துப் பார்த்துவிட்டு ஓய்ந்துபோவது இதனால்தான். எஸ்எஸ்எச் சாவி (கடவுச்சொல்லுக்குப் பதில் உங்களை அடையாளம் காட்டும் கோப்பு ஜோடி) வைத்துக்கொள்ளுங்கள், ஒருமுறை செய்தால் போதும்.

"எஸ்எஸ்எச்-கீஜென் -டி ஈடி25519" (ssh-keygen -t ed25519) என்று அடித்தால் இரண்டு கோப்புகள் உருவாகும். ".பப்" என்று முடிவது பூட்டு மாதிரி, யாருக்கும் கொடுக்கலாம், அதைத்தான் கிட்ஹப்பில் ஒட்ட வேண்டும். மற்றது சாவி. அது உங்கள் கணினியை விட்டு எங்கும் போகக்கூடாது. அவசரத்தில் இரண்டாவதைத் திறந்து ஒட்டுகிறவர்கள் உண்டு, ஒட்டும் முன் கோப்பின் பெயரை ஒருமுறை பாருங்கள்.

சோதிக்க "எஸ்எஸ்எச் -டி" கட்டளையில் (இங்கே டி பெரிய எழுத்து, T) கிட்ஹப் முகவரியை (git@github.com) கொடுங்கள். உங்கள் பயனர் பெயரைச் சொல்லி வணக்கம் வைத்துவிட்டு, ஷெல் அணுகல் தருவதில்லை என்றும் ஒரு வரி வரும். அந்தக் கடைசி வரியைப் பிழை என்று நினைத்து எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குகிறார்கள். பிழை இல்லை, வேலை முடிந்தது என்று அர்த்தம்.

4. யாரும் பார்க்காத ஒரு ரெப்போவில் முதல் நாள்

நேராகப் பெரிய திட்டத்துக்குள் போகாதீர்கள். ஒரு காலி ஃபோல்டர், அதற்குள் "கிட் இனிட்", ஒரே ஒரு உரைக்கோப்பு. அடிக்கும் முன் எங்கே நிற்கிறீர்கள் என்று பாருங்கள். ஹோம் ஃபோல்டரிலேயே "கிட் இனிட்" அடித்துவிட்டு, கணினியில் உள்ள மொத்தக் கோப்புகளும் ஏன் சிவப்பில் வருகின்றன என்று கேட்டவர்களை எனக்குத் தெரியும்.

இங்கே பழக வேண்டியது இடங்கள். ஒரு மாற்றம் நான்கு இடங்களில் ஏதாவது ஒன்றில் இருக்கும். கோப்பைத் திருத்திச் சேமித்தால் அது உங்கள் வேலை ஃபோல்டரில் மட்டும் இருக்கிறது. "கிட் ஆட்" அடித்தால் ஸ்டேஜிங்குக்குப் போகிறது, அதாவது அடுத்த கமிட்டுக்கு எடுத்துவைத்த தட்டு. "கிட் கமிட்" அடித்தால் உங்கள் கணினியில் உள்ள வரலாற்றில் பதிகிறது. "கிட் புஷ்" அடித்த பிறகுதான் வெளியே, சர்வருக்குப் போகிறது. கமிட் செய்துவிட்டு கிட்ஹப் பக்கத்தை ரிஃப்ரெஷ் செய்துகொண்டே இருப்பது மூன்றாவது இடத்தையும் நான்காவது இடத்தையும் குழப்பிக்கொள்வது.

இதைச் செய்து பாருங்கள். கோப்பில் ஒரு வரி எழுதி "கிட் ஆட்" அடியுங்கள். கமிட் செய்யாமல் அதே கோப்பில் இரண்டாவது வரி சேர்த்துச் சேமியுங்கள். இப்போது "கிட் ஸ்டேட்டஸ்" அடித்தால் அதே கோப்பு பச்சையிலும் சிவப்பிலும் இரண்டு முறை வரும். பலர் இதைக் கோளாறு என்று நினைக்கிறார்கள். தட்டில் இருப்பது முதல் வரி மட்டும்தான், இரண்டாவது இன்னும் ஃபோல்டரிலேயே இருக்கிறது. "கிட் டிஃப்" இரண்டாவது வரியைக் காட்டும், "கிட் டிஃப் --ஸ்டேஜ்டு" முதல் வரியைக் காட்டும். இந்த இடத்தில் புரிந்துவிட்டால் மிச்சமெல்லாம் சுலபம், அதனால் இதை மட்டும் மூன்று நான்கு முறை செய்யுங்கள்.

ஒவ்வொரு கட்டளைக்கு முன்னும் பின்னும் "கிட் ஸ்டேட்டஸ்" அடிப்பதைக் கைப்பழக்கமாக்குங்கள். நான் இன்றும் அப்படித்தான்.

5. வேண்டுமென்றே கெடுத்துப் பார்ப்பது

பயம் போனால்தான் கை ஓடும், அதனால் அதே சோதனை ரெப்போவில் எல்லாவற்றையும் கெடுத்து மீட்டுப் பாருங்கள். தட்டில் வைத்ததை இறக்க "கிட் ரெஸ்டோர் --ஸ்டேஜ்டு". கடைசிக் கமிட்டின் செய்தியைத் திருத்த "கிட் கமிட் --அமென்ட்". கடைசிக் கமிட்டைக் கலைத்து, மாற்றத்தை மட்டும் தட்டிலேயே வைத்துக்கொள்ள "கிட் ரீசெட் --சாஃப்ட் ஹெட்~1" (ஹெட், HEAD, என்றால் நீங்கள் இப்போது நிற்கும் கமிட்).

உண்மையிலேயே ஆபத்தானவை இரண்டு: வெறும் "கிட் ரெஸ்டோர்", "கிட் ரீசெட் --ஹார்ட்". இவை கமிட் ஆகாத வேலையை அழித்துவிடும், அதை கிட்டால் மீட்டுத் தர முடியாது. கமிட் ஆன வேலை அப்படியில்லை. எதை எப்படிக் கலைத்திருந்தாலும் "கிட் ரெஃப்லாக்" அடித்தால் நீங்கள் நின்ற பழைய இடங்கள் எல்லாம் வரிசையாக வரும், அங்கிருந்து திரும்பப் பிடிக்கலாம். எந்த பிராஞ்சிலும் இல்லாமல் கழன்றுபோன கமிட்களின் பதிவுகூட வழக்கமாக 30 நாள் வரை ரெஃப்லாக்கில் இருக்கும். ஆகவே சந்தேகம் வந்தால் முதலில் கமிட் போடுங்கள், அசிங்கமான செய்தியோடு இருந்தாலும் பரவாயில்லை, பிறகு சரிசெய்துகொள்ளலாம்.

6. திட்டத்தைத் தேர்ந்தெடுப்பது

நீங்கள் ஏற்கெனவே பயன்படுத்தும் மென்பொருளிலிருந்து தொடங்குங்கள். எது சரியாக இயங்குகிறது, எது இயங்கவில்லை என்று உங்களுக்கே தெரியும் என்பதால் பாதி வேலை முடிந்த மாதிரி.

ரெப்போவைத் திறந்ததும் நான் பார்ப்பது நட்சத்திர எண்ணிக்கையை அல்ல. கடைசியாக எப்போது கமிட் விழுந்திருக்கிறது, வெளியாட்கள் போட்ட புல் ரிக்வெஸ்ட்களுக்கு யாராவது பதில் சொல்லியிருக்கிறார்களா, இந்த இரண்டைத்தான் முதலில் பார்ப்பேன். ஆறு மாதமாக ஒரு பதிலும் இல்லை என்றால் உங்களுக்கும் வராது. உரிமக் கோப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். நிரல் பொதுவில் கிடக்கிறது என்பதாலேயே அது ஓப்பன் சோர்ஸ் ஆகிவிடாது.

அடுத்து "கான்ட்ரிபியூட்டிங்" என்ற கோப்பு. இதைப் படிக்காமல் வருகிறவர்களை மெயின்டெயினர்கள் (திட்டத்தைப் பராமரிப்பவர்கள்) ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். சில திட்டங்கள் ஒவ்வொரு கமிட்டிலும் கையொப்ப வரி கேட்கும், "கிட் கமிட் -எஸ்" அடித்தால் அது தானாகச் சேரும். சில திட்டங்கள் ஓர் ஒப்பந்தத்தில் கையொப்பமிடச் சொல்லும், வேலை பார்க்கிறவராக இருந்தால் அதற்கு உங்கள் நிறுவனத்தின் அனுமதி தேவைப்படலாம். லினக்ஸ் கெர்னல் கிட்ஹப்பில் புல் ரிக்வெஸ்டே வாங்காது, பேட்ச் (மாற்றத்தின் உரை வடிவம்) மின்னஞ்சலில் போக வேண்டும். ஜென்டூ என்ற லினக்ஸ் வகை 2024 ஏப்ரலிலிருந்து ஏஐ கருவிகள் எழுதிய பங்களிப்பை ஏற்பதில்லை. ஆளாளுக்கு ஒரு விதி, எழுதி வைத்திருப்பார்கள், பத்து நிமிடம் படித்தால் போதும்.

"குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ" என்ற லேபிள் போட்ட இஷ்யூக்களை (பிழை, வேண்டுகோள் பற்றித் திட்டத்தில் திறக்கும் பதிவுகளை) தேடலாம், ஆனால் பெரிய திட்டங்களில் அவற்றைச் சில மணி நேரத்திலேயே யாராவது எடுத்துவிடுகிறார்கள். நிறுவும் வழிமுறையை அப்படியே பின்பற்றி நடந்து, எங்கே முட்டுகிறதோ அங்கே திருத்தம் போடுவது எனக்குப் பிடித்த வழி. புதிதாக வருகிறவர் கண்ணுக்கு மட்டும்தான் அந்த ஓட்டை தெரியும், பழகியவர்கள் தாண்டிப் போய்விடுவார்கள். ஆவணத் திருத்தம் என்பதற்காக வெட்கப்பட வேண்டாம். ஆனால் எண்ணிக்கைக்காக ரீட்மீயில் ஒரு பெயரடை சேர்ப்பது வேறு. புல் ரிக்வெஸ்ட் போடுகிறவர்களுக்குப் பரிசு தந்த 2020 ஹாக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வில் இப்படிப்பட்ட குப்பை மெயின்டெயினர்கள் தலையில் கொட்டியதால், சம்மதம் சொன்ன ரெப்போக்கள் மட்டும் கணக்கில் வரும் என்று நடுவிலேயே விதியை மாற்றினார்கள்.

சின்னப் பிழை என்றால் நேராகச் செய்துவிடலாம். புதிய வசதி என்றால் முதலில் இஷ்யூவில் கேளுங்கள். இரண்டு வாரம் உழைத்து எழுதியதை "இது எங்களுக்குத் தேவையில்லை" என்று ஒரு வரியில் மூடினால் தப்பு அவர்களுடையது இல்லை.

7. ஃபோர்க், குளோன், அப்ஸ்ட்ரீம்

மூலத் திட்டத்தில் உங்களுக்கு எழுதும் உரிமை கிடையாது. அதனால் கிட்ஹப்பில் ஃபோர்க் பொத்தானை அழுத்தி உங்கள் கணக்கில் ஒரு நகல் எடுங்கள், அந்த நகலின் முகவரியை "கிட் குளோன்" கட்டளையில் கொடுத்துக் கணினிக்குக் குளோன் செய்யுங்கள். ஜிப் கோப்பாக இறக்காதீர்கள், அதில் வரலாறு இருக்காது, எந்த கிட் கட்டளையும் வேலை செய்யாது.

குளோன் ஆனதும் ஃபோல்டருக்குள் போய் "கிட் ரிமோட் ஆட் அப்ஸ்ட்ரீம்" என்று மூலத் திட்டத்தின் முகவரியைச் சேருங்கள். இப்போது இரண்டு ரிமோட்: ஆரிஜின் என்றால் உங்கள் ஃபோர்க், அப்ஸ்ட்ரீம் என்றால் மூலம். எடுப்பது அப்ஸ்ட்ரீமிலிருந்து, அனுப்புவது ஆரிஜினுக்கு. "கிட் ரிமோட் -வி" அடித்தால் எது எங்கே என்று காட்டும்.

ஃபோர்க்கை விட்டுவிட்டு மூலத்தையே குளோன் செய்து, எல்லா வேலையும் முடித்து, புஷ் செய்யும்போது அனுமதி மறுப்பு வந்து முழிப்பது ரொம்பச் சாதாரணமாக நடப்பது. எதையும் அழிக்க வேண்டாம். "கிட் ரிமோட் ரீநேம் ஆரிஜின் அப்ஸ்ட்ரீம்", அதன் பிறகு உங்கள் ஃபோர்க் முகவரியை ஆரிஜின் என்று சேர்த்தால் கதை முடிந்தது.

8. தொடும் முன் ஓட்டிப் பாருங்கள்

ஒரு வரியும் மாற்றாமல் திட்டத்தை பில்ட் செய்து (நிரலை இயங்கும் நிலைக்குக் கொண்டுவந்து) டெஸ்ட்களை ஓட்டுங்கள். இதைத் தாண்டிப் போகிறவர்கள் பிறகு டெஸ்ட் விழும்போது அது தங்களால் விழுந்ததா, முன்பே விழுந்துகொண்டிருந்ததா என்று தெரியாமல் ஒரு நாளைச் செலவழிப்பார்கள்.

9. வேலைக்கு ஒரு பிராஞ்ச்

"கிட் ஃபெட்ச் அப்ஸ்ட்ரீம்", அடுத்து "கிட் ஸ்விட்ச் -சி", புதிய பிராஞ்சின் பெயர், கடைசியில் "அப்ஸ்ட்ரீம்/மெயின்". (மெயின் என்பது திட்டத்தின் முதன்மை பிராஞ்ச், சில திட்டங்களில் மெயினுக்குப் பதில் மாஸ்டர் அல்லது டெவலப் என்று இருக்கும்.) புதிய பிராஞ்ச் மூலத்தின் இன்றைய நிலையிலிருந்து கிளம்ப வேண்டும் என்பதற்காகத்தான் முதலில் ஃபெட்ச்.

உங்கள் ஃபோர்க்கின் மெயினில் நேரடியாக வேலை செய்யக்கூடாது. முதல் புல் ரிக்வெஸ்ட் அப்படியும் போய்விடும், அதனால்தான் பலருக்கு இந்தத் தப்பு தெரிவதில்லை. அது மெர்ஜ் ஆகும் (மூலத்தில் சேரும்) முன் இரண்டாவது வேலையைத் தொடங்கினால் அந்தக் கமிட்களும் முதல் ரிக்வெஸ்டிலேயே போய் ஒட்டிக்கொள்ளும். புல் ரிக்வெஸ்ட் என்பது ஒரு பிராஞ்சைச் சுட்டுவது, அதில் எது விழுந்தாலும் உள்ளே வரும்.

தெரியாமல் மெயினில் கமிட் போட்டுவிட்டீர்களா? அங்கிருந்தே "கிட் ஸ்விட்ச் -சி" என்று புதிய பிராஞ்ச் கிளப்புங்கள், கமிட்கள் கூடவே வந்துவிடும். பிறகு "கிட் பிராஞ்ச் -எஃப் மெயின் அப்ஸ்ட்ரீம்/மெயின்". மெயின் பழைய இடத்துக்குப் போய்விடும்.

10. மாற்றம், டிஃப், கமிட்

நேரத்தைச் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான்.

ஒரு முறை எனக்குப் பார்க்க வந்த ரிக்வெஸ்டில் திருத்தம் ஒரே வரி, பிழைச் செய்தியில் ஒரு சொல். டிஃபைத் திறந்தால் கோப்பு முழுவதும் சிவப்பு, அதற்குக் கீழே முழுவதும் பச்சை, நானூறு வரிக்கு மேல். போட்டவருக்கு அதிர்ச்சி, "நான் ஒரு வரிதான் தொட்டேன்" என்கிறார். அவர் சொன்னது உண்மைதான். அவருடைய எடிட்டர் சேமிக்கும்போது வரிமுடிவுகளை எல்லாம் விண்டோஸ் பாணிக்கு மாற்றிவிட்டது. கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது, கிட்டுக்கு ஒவ்வொரு வரியும் புதிது. எடிட்டரின் தானியங்கி ஃபார்மேட்டிங் செய்வதும் இதே கூத்துதான்.

கமிட்டுக்கு முன் "கிட் டிஃப் --ஸ்டாட்" அடித்தால் எந்தக் கோப்பில் எத்தனை வரி என்று சுருக்கமாக வரும். நீங்கள் தொட்ட அளவுக்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தமே இல்லை என்றால் நிறுத்துங்கள். "கிட் டிஃப் -டபிள்யூ" இடைவெளி மாற்றங்களை ஒதுக்கிவிட்டு உண்மையான மாற்றத்தை மட்டும் காட்டும். சேமிக்கும்போது ஃபார்மேட் செய்வதை அந்தத் திட்டத்துக்கு மட்டும் அணைத்துவிடுங்கள், திட்டமே ஒரு ஃபார்மேட்டர் வைத்திருந்தால் அதை ஓட்டுங்கள்.

தட்டில் வைக்கும்போது "கிட் ஆட்" போட்டு ஒரு புள்ளி வைத்து எல்லாவற்றையும் அள்ளாதீர்கள். அதில் உங்கள் எடிட்டர் அமைப்பு, சோதனைக்கு எழுதிய பிரின்ட் வரி, கடவுச்சொல் உள்ள ".என்வ்" கோப்பு எல்லாம் சேர்ந்து போகும். "கிட் ஆட் -பி" (-p) ஒவ்வொரு துண்டாகக் காட்டி எடுக்கவா வேண்டாமா என்று கேட்கும். முதலில் எரிச்சலாக இருக்கும், ஆனால் என் சொந்த அபத்தங்களை நான் பிடித்ததெல்லாம் பெரும்பாலும் அந்தக் கேள்வியின்போதுதான். புதிதாக உருவாக்கிய கோப்பு மட்டும் அதில் வராது, அதைப் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும்.

ரகசியச் சாவி எதுவும் புஷ் ஆகிப் போய்விட்டால் அடுத்த கமிட்டில் அழிப்பதால் பயனில்லை, வரலாற்றில் அப்படியே இருக்கும். சேவைக்குப் போய் முதலில் அந்தச் சாவியை ரத்து செய்யுங்கள். ஏற்கெனவே கமிட் ஆன கோப்பை ".கிட்இக்னோர்" பட்டியலில் சேர்த்தாலும் கிட் அதைத் தொடர்ந்து கவனிக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள், "கிட் ஆர்எம் --கேஷ்டு" அடித்த பிறகுதான் விடும்.

கமிட் செய்தி எழுதும் முன் "கிட் லாக் --ஒன்லைன் -20" அடித்து அங்கே எப்படி எழுதுகிறார்கள் என்று பார்த்து அதே பாணியில் எழுதுங்கள். பொதுவான வழக்கம்: முதல் வரி ஐம்பது எழுத்துக்குள், ஒரு வெற்று வரி, பிறகு விளக்கம். என்ன மாற்றினீர்கள் என்பது டிஃபிலேயே தெரியும், ஏன் மாற்றினீர்கள் என்பதைச் செய்தியில் சொல்லுங்கள். "சில திருத்தங்கள்" என்ற செய்தி மூன்று ஆண்டு கழித்து அந்த வரியைத் தோண்டுகிறவருக்கு எதற்கும் உதவாது.

ஒரு கமிட்டில் ஒரு விஷயம். பிழையைத் திருத்தும்போது பக்கத்தில் இருக்கும் மாறியின் பெயர் உறுத்தும், கை துறுதுறுக்கும். வேண்டாம். அது வேறு பிராஞ்ச், வேறு நாள்.

11. புஷ், புல் ரிக்வெஸ்ட்

"கிட் புஷ் -யு ஆரிஜின் ஹெட்" அடித்தால் நீங்கள் நிற்கும் பிராஞ்ச் அதே பெயரில் ஃபோர்க்குக்குப் போகும், ரிக்வெஸ்ட் திறக்க ஓர் இணைப்பும் டெர்மினலிலேயே வரும்.

திறந்த பக்கத்தின் மேலே எந்த ரெப்போவின் எந்த பிராஞ்சிலிருந்து எங்கே போகிறது என்று இருக்கும், அதை வாசியுங்கள். தன் ஃபோர்க்குக்கே ரிக்வெஸ்ட் போட்டுவிட்டு ஏன் யாரும் பதில் சொல்லவில்லை என்று வாரக்கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு. பிறகு "ஃபைல்ஸ் சேஞ்ச்டு" தாவலில் உங்கள் டிஃபையே அந்நியர் எழுதியது மாதிரி ஒருமுறை படியுங்கள்.

விளக்கத்தில் என்ன பிரச்சினை, எப்படித் திருத்தினீர்கள், எப்படிச் சோதித்தீர்கள் என்பது இருக்கட்டும். திட்டம் படிவம் வைத்திருந்தால் நிரப்புங்கள், அழித்துவிட்டு எழுதாதீர்கள். "ஃபிக்சஸ் #123" என்று இஷ்யூ எண்ணோடு ஆங்கிலத்தில் எழுதினால் மெர்ஜ் ஆகும்போது அந்த இஷ்யூ தானாக மூடிக்கொள்ளும்.

போட்டவுடன் தானியங்கிச் சோதனைகள் ஓடாமல் நிற்கலாம். முதல்முறை பங்களிப்பவரின் ரிக்வெஸ்டுக்கு மெயின்டெயினர் ஒருவர் அனுமதி அழுத்த வேண்டியிருக்கும், உங்கள் பக்கம் கோளாறு இல்லை.

12. ரிவ்யூ

திருத்தம் கேட்டால் அதே பிராஞ்சில் செய்து புஷ் செய்யுங்கள், ரிக்வெஸ்ட் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். பழையதை மூடிவிட்டு புதிது திறந்தால் பேசியதெல்லாம் சிதறிப்போகும், பார்த்தவர் மறுபடி முதலிலிருந்து பார்க்க வேண்டும்.

"நிட்" என்று தொடங்கும் கருத்து அற்ப விஷயம் என்று அவர்களே சொல்வது. செய்துவிட்டுப் போய்விடலாம். ஒப்புக்கொள்ள முடியாத கருத்துக்குக் காரணம் சொல்லிப் பதில் எழுதலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பதிலே வரவில்லை என்றால் ஒன்றிரண்டு வாரம் விட்டு மரியாதையாக ஒரு வரி கேளுங்கள். மறுநாளே கேட்பது சரியில்லை, அவர்களில் பலர் சம்பளமில்லாமல் ராத்திரியில் உட்கார்ந்து பார்க்கிறவர்கள்.

13. அதற்குள் மெயின் நகர்ந்துவிட்டால்

நீங்கள் காத்திருக்கும் நேரத்தில் மற்றவர்களின் வேலை மெர்ஜ் ஆகிக்கொண்டிருக்கும். உங்கள் பிராஞ்சில் நின்று "கிட் ஃபெட்ச் அப்ஸ்ட்ரீம்", பிறகு "கிட் ரீபேஸ் அப்ஸ்ட்ரீம்/மெயின்". ரீபேஸ் உங்கள் கமிட்களை எடுத்து வைத்துவிட்டு, புதிய மெயினின் மேல் ஒவ்வொன்றாகத் திரும்ப அடுக்கும். (ரீபேஸ் வேண்டாம், மெர்ஜ் செய்யுங்கள் என்று சொல்லும் திட்டங்களும் உண்டு, அவர்கள் சொல்கிறபடி.)

ஒரே வரியை இருவரும் தொட்டிருந்தால் கான்ஃப்ளிக்ட். கோப்பைத் திறந்தால் இப்படி இருக்கும்:

<<<<<<< ஹெட்
காத்திருப்பு = 30
=======
காத்திருப்பு = 45
>>>>>>> என் கமிட்

ரீபேஸின்போது மேலே ஹெட் என்று இருப்பது மூலத் திட்டத்தின் வரி, கீழே இருப்பது உங்களுடையது. மெர்ஜ் செய்யும்போது தலைகீழ், மேலே உங்களுடையது. எடிட்டர்கள் காட்டும் "கரன்ட்", "இன்கமிங்" பொத்தான்களும் இதேபடி மாறிக்கொள்ளும். இது தெரியாமல் பொத்தானை அழுத்தித் தன் வேலையையே தூக்கிப் போட்டவர்கள் நிறைய. நான் பொத்தானையே தொடுவதில்லை, இரண்டு வரியையும் படித்து சரியான வரியை கையால் எழுதி, மூன்று குறி வரிகளையும் அழித்துவிடுவேன். சில நேரம் சரியான பதில் 30-உம் இல்லை, 45-உம் இல்லை, இரண்டு பேரும் எதற்காக மாற்றினார்கள் என்று பார்த்தால்தான் தெரியும்.

அடுத்து "கிட் ஆட்", அப்புறம் "கிட் ரீபேஸ் --கன்டின்யூ". இங்கே தனியாகக் கமிட் போட வேண்டாம். தலை சுற்றினால் "கிட் ரீபேஸ் --அபோர்ட்" (--abort), தொடங்கிய இடத்துக்கே பத்திரமாகத் திரும்பிவிடுவீர்கள். முடித்ததும் டெஸ்ட்களை மறுபடி ஓட்டுங்கள், கான்ஃப்ளிக்ட் தீர்ந்தது என்பதற்காக நிரல் சரி என்று ஆகிவிடாது.

இப்போது சாதாரணப் புஷ் மறுக்கப்படும், ஏனென்றால் ரீபேஸ் உங்கள் கமிட்களைப் புதிதாக எழுதிவிட்டது, ஃபோர்க்கில் இருப்பது பழையவை. அந்த மறுப்புச் செய்திக்குக் கீழே கிட்டே "முதலில் புல் செய்யுங்கள்" என்கிற மாதிரி ஒரு யோசனை சொல்லும். இந்த இடத்தில் அதைக் கேட்காதீர்கள். கேட்டால் பழைய கமிட்களும் புதியவையும் கலந்து ஒவ்வொன்றும் இரட்டையாக ரிக்வெஸ்டில் நிற்கும். அடிக்க வேண்டியது "கிட் புஷ் --ஃபோர்ஸ்-வித்-லீஸ்". வெறும் ஃபோர்ஸ் கண்ணை மூடிக்கொண்டு மேலெழுதும். இது, நீங்கள் கடைசியாகப் பார்த்த பிறகு வேறு யாராவது அந்த பிராஞ்சில் ஏதாவது போட்டிருந்தால் நின்றுவிடும். மெயின்டெயினர் உங்கள் பிராஞ்சிலேயே சின்னத் திருத்தம் செய்வது உண்டு, அது அழிந்துவிடக் கூடாதல்லவா.

14. மெர்ஜ் ஆன பிறகு

"கிட் ஸ்விட்ச் மெயின்", "கிட் புல் --எஃப்எஃப்-ஒன்லி அப்ஸ்ட்ரீம் மெயின்", "கிட் புஷ் ஆரிஜின் மெயின்". இந்த மூன்றும் உங்கள் கணினியையும் ஃபோர்க்கையும் மூலத்தோடு சமமாக்கும். "எஃப்எஃப்-ஒன்லி" போடுவது ஒரு காவலுக்காக: உங்கள் மெயினில் தெரியாமல் ஏதாவது கமிட் ஒட்டியிருந்தால் மெர்ஜ் செய்து மறைக்காமல் அங்கேயே நிறுத்திச் சொல்லும்.

பழைய பிராஞ்சை "கிட் பிராஞ்ச் -டி" (-d) என்று அழிக்கப் போனால் இது முழுமையாக மெர்ஜ் ஆகவில்லை என்று கிட் அடம்பிடிக்கலாம். பல திட்டங்கள் உங்கள் கமிட்களை ஒன்றாக நசுக்கி ஒரே புதிய கமிட்டாகச் சேர்ப்பார்கள், அதனால் உங்கள் பழைய கமிட்களை மெயினில் கிட்டால் அடையாளம் காண முடியாது. கிட்ஹப் பக்கத்தில் ஊதா நிறத்தில் மெர்ஜ்டு என்று இருக்கிறதா, "கிட் லாக்" அடித்தால் உங்கள் மாற்றம் மெயினில் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு, பெரிய எழுத்து டி (-D) போட்டு அழித்துவிடுங்கள். அடுத்த இஷ்யூவுக்கு ஒன்பதாம் படியிலிருந்து தொடங்கினால் போதும்.